வண்டி ஆற முக்கால் மணி நேரம்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடியேட்டருக்கு ஃபேன் வேண்டாம், காற்றே போதும். இது பலருக்குத் தெரிவதில்லை. காலை நேரமும் இறக்கமான ரோடும் என்றால் ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்று என்ஜின் கவலையே படாது. வெயிலில் ஏற்றம் ஏறும்போதும், நெரிசலில் நிற்கும்போதும்தான் ஃபேனுக்கு வேலை. நான் எழுதப்போவது எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. ஆகையால் முதலிலேயே சொல்லிவிட்டேன் சார்.

நீங்கள்தான் எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து வாயால் சொன்னேன். முதல் தடவை கேட்டுவிட்டு என் மகனின் போன் நம்பரை வாங்கினீர்கள். இரண்டாவது தடவை சாயா வரவழைத்துத் தந்து, "அப்பூப்பா, கத கொள்ளாம்" என்றீர்கள். கதை நன்றாக இருக்கிறது என்று இதுவரை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அது பிடிக்கவில்லை. மலையாளத்தில் எழுதினால் உங்களுக்குச் சௌகரியம் என்று தெரியும். ஆனால் மலையாளத்தில் எனக்குப் பொய் கொஞ்சம் நன்றாக வரும். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

என் பெயர் நேசமணி. வயது எழுபத்தாறு. பாறசாலையில் நாற்பத்தொரு வருஷம் கார் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். இப்போது ஒற்றசேகரமங்கலத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கு வரும் ரோட்டில், ஓர் ஏற்றத்தின் உச்சியில் குடியிருக்கிறேன். வீட்டைக் கட்டியது மகன் லிபின். கட்டி முடித்த மாதமே பெண்டாட்டி பிள்ளைகளோடு பஹ்ரைனுக்குப் போய்விட்டான். ஐந்து அறை, மூன்று கக்கூஸ், நான் ஒருவன். வாசலில் தகரக் கூரை போட்டு ஒரு ஷெட் வைத்துக்கொண்டேன். வருமானத்துக்காக அல்ல, யாராவது வந்து நிற்கட்டும் என்று.

எனக்குக் கதை சொல்ல வேண்டும் சார். சிலருக்கு வெற்றிலை மாதிரி. எண்பத்திமூன்றில் களியக்காவிளையில் ஒரு கல்யாணக் கார் கொதித்து நின்றபோது, அதன் ரேடியேட்டரிலேயே மரச்சீனிக் கிழங்கை அவித்து மாப்பிள்ளை வீட்டார் பதினேழு பேருக்குக் கொடுத்தேன் என்று சொல்வேன். ஒரு லாரியின் ஃபேன் கேரளத்தில் வலமாகவும், எல்லை தாண்டினால் இடமாகவும் சுற்றியது என்பேன். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. ஊர்க்காரர்கள் எல்லாக் கதையையும் கேட்டு முடித்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தால், "சோலி உண்டு அண்ணே" என்று எழுந்து போவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ஏப்ரலில் சதாசிவன் என்பவனின் கார் என் கேட்டுக்கு முன்னால் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. வெள்ளை நிறம், சிறிய வண்டி, இருபது வருஷப் பழசு. உள்ளே அவன் மனைவி விஜயம்மா. அவளுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி காலையில் நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸ். முடித்துக்கொண்டு பகல் ஒரு மணிக்கு மேல் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பழுது நிஜமான பழுது. அதில் என் கை இல்லை. ரேடியேட்டரின் அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. உள்ளே இருக்கும் வெள்ளம், அதாவது தண்ணீர், சூடானால் அது தானாகச் சேர்ந்து ஃபேனை ஓடவிடும். நான் அதன் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு துளைகளையும் இணைக்க ஒரு கம்பித்துண்டு தேடினேன். விஜயம்மா தன் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவித் தந்தாள். அதை வளைத்துச் செருகியதும் ஃபேன் சுற்றியது. மோட்டார் நல்லது, ஃபியூஸ் நல்லது, சுவிட்ச்தான் செத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் முகம் வெந்துவிடும். முக்கால் மணி நேரம் ஆற வேண்டும். கட்டிலை வெளியே இழுத்துப்போட்டு அவளைச் சாய்ந்து இருக்கச் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்தவர்களுக்கு உடம்பு பிழிந்த துணி மாதிரி இருக்கும். வெள்ளம் வேண்டுமா என்றேன். அரை லிட்டர்தான் ஒரு நாளைக்கு, அது காலையிலேயே தீர்ந்துவிட்டது என்றாள். ஃபிரிட்ஜிலிருந்து ஒரே ஒரு ஐஸ் கட்டி எடுத்துக் கொடுத்தேன். அதை அவள் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். நான் ஆறின ரேடியேட்டருக்கு நாலு லிட்டர் ஊற்றியதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நேரம் போக வேண்டுமே என்று அந்த மரச்சீனிக் கதையைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. ஐஸை மறு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "கிழங்குக்குக் கூட்டான் எங்கண்ணே வச்சிய?" என்றாள்.

"மீன்கறியா? அது கார்புரேட்டரில."

"புளி போட்டா அது அடைச்சிடாதா?"

"அடைச்சு. அதினாலத்தான் மாப்பிளெ முகூர்த்தத்துக்கு எத்தல்ல."

அப்போதுதான் சிரித்தாள். ஊசி போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, ஐஸ் வாயிலிருந்து விழுந்துவிடாமல் உதட்டை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சதாசிவன் என்னைப் பார்த்து மெதுவாக, "ஆறு மாசம் ஆச்சு அண்ணே, இவ இப்பிடிச் சிரிச்சு" என்றான்.

புதிய சுவிட்ச் வாங்கி வந்து மாட்டினோம். வண்டி குணமாகிவிட்டது. பிறகு மூன்று வாரம் அவர்கள் என் கேட்டைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். ஹார்ன் அடிப்பார்கள். நான் கையை ஆட்டுவேன். மூன்று வாரம் கையை ஆட்டினேன்.

நாலாவது சனிக்கிழமை காலையில் சதாசிவன் நிறுத்தி ஒரு சீப்பு ரசகதலிப் பழம் கொடுத்தான். சுவிட்ச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று பானெட்டைத் திறந்தேன். என் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று ஷெட்டில் கிடந்தது. அந்த ஃபிலிம் சூட்டுக்கு உருகாது, கரண்டையும் விடாது. அதன் கீழ் மூலையில் நகத்தளவு நறுக்கி, சுவிட்சின் இரண்டு முனைகளில் ஒன்றை மறைத்துச் சாக்கெட்டுக்குள் செருகினேன். அதோடு ஃபேன் ஓடாது. அந்தத் துண்டில் இருந்தது என் இடது விலா எலும்பின் நுனி என்று நினைக்கிறேன்.

போகும்போது அது ஒன்றும் செய்யாது சார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். காலைக் குளிர்ச்சி, இறக்கம், காற்று. அவள் டயாலிசிஸுக்கு ஒரு நாளும் பிந்தவில்லை. திரும்பி வரும்போதுதான், பகல் வெயிலில், டவுன் நெரிசலில் நின்று, இந்த ஏற்றம் ஏறி வரும்போது என் கேட்டுக்குச் சரியாக டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொடும். நான் கொடுமைக்காரன் அல்ல. திரும்பி வருவதில் மட்டுமே கை வைத்தேன்.

அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. மூடி ஆறும்வரை யாரும் எங்கேயும் போக முடியாது. கட்டில், ஐஸ், ஒரு கதை. பிறகு ஃபிலிமை எடுத்துவிட்டு ஃபேனைச் சுற்றக் காட்டுவேன். அவர்கள் சந்தோஷப்படுவார்கள். பானெட்டை மூடுமுன் சில நாள் திரும்ப வைப்பேன், சில நாள் வைக்க மாட்டேன்; பிறகு ஒரு காலையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதுபோல வைத்துவிடுவேன். எல்லா நாளும் நின்றால் வண்டியை விற்றுவிடுவார்கள் அல்லவா. மாதத்துக்கு ஐந்து தடவை என்று ஒரு கணக்கு. வேலைக்கு ஒரு பைசா வாங்கியதில்லை.

ஒருநாள் அவள் தன் இடது கையை நீட்டி, "தொட்டுப் பாருங்க அண்ணே, உங்களுக்க சோலியாக்கும்" என்றாள். டயாலிசிஸுக்காக நரம்பைத் தைத்திருந்த இடம். விரலை வைத்தால் தோலுக்கு அடியில் விர்ரென்று இரைந்தது. ரத்தம் அப்படி ஓடுமாம். நான் காதை வைத்துக் கேட்டேன்.

"மோட்டார் நல்ல கண்டிஷன்" என்றேன். "பேரிங் மட்டும் கொஞ்சம் சத்தம்."

"எண்ணெ விட்டா போருமா?"

"சிரிச்சா போரும்."

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அதற்கு மோட்டார் என்றே பெயர்.

செப்டம்பரில் சதாசிவனுக்குப் பொறுமை போயிற்று. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறேன் என்றான். அதற்கு முந்தின நாளே நான் ஃபிலிமை எடுத்துவிட்டேன். அங்கே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து, "அண்ணே, அவனுகளுக்கு ஒண்ணும் அறியாது. நீங்க தொட்டாத்தான் இது கேக்கும்" என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒர்க்‌ஷாப்காரன் குறை இல்லை என்று சொன்ன வண்டி மறுபடி நின்றால் சந்தேகம் வரும். அதற்கும் ஒரு கதை வேண்டியிருந்தது.

முள்ளைப் பிடித்தேன். வெப்பம் காட்டும் அந்த முள்ளுக்கு என்ஜினில் தனியாக ஒரு சென்சார், ஒற்றை வயர். அந்த வயரை பாடியில் தொட்டால் முள் நேரே சிவப்புக்குப் பாயும். கழற்றிவிட்டால் கீழே, குளிர்ச்சியைக் காட்டும் 'சி' என்ற எழுத்தில் செத்துக் கிடக்கும். ஆறிக் கிடந்த என்ஜினில், ஒரு சொட்டுச் சூடு இல்லாமல், இரண்டையும் அவன் கண்முன்னால் செய்து காட்டினேன்.

"கண்டியா? இது முள்ளுக்க சேட்டையாக்கும். பாதி நாளு இது கள்ளம் சொல்லுது."

"அப்போ எதெ நம்ப?"

"என்னெ நம்பு மக்கா."

விஜயம்மா கட்டிலில் இருந்தபடி, "கள்ளம் சொல்லுத முள்ளு, கள்ளம் சொல்லுத அண்ணன். எனக்கு அண்ணன் போரும்" என்றாள். மூவரும் சிரித்தோம்.

சார், நான் சொன்னவற்றில் உங்களுக்குப் பெரிய குற்றம் எதுவும் இதுவரை தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. சனிக்கிழமை டயாலிசிஸுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி வரும். அந்தத் திங்கள்தான் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மோசமான நாள். உடம்பில் வெள்ளம் கட்டி நெஞ்சில் ஏறும். பகல் பன்னிரண்டு இருபதுக்கு நான் கேட்டில் நின்றபோது அந்த வெள்ளை வண்டி வேகமாக வந்து என்னைக் கடந்து இறங்கியது. ஹார்ன் அடிக்கவில்லை. விஜயம்மா கண்ணாடியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஃபிலிம் உள்ளே இருந்தது. செவ்வாய்க்கிழமைக்காகச் சனிக்கிழமை வைத்தது.

போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இறக்கம்தானே, காற்றுப் போதுமே, இருபத்தைந்து நிமிஷத்தில் போய்விடுவார்களே என்று நினைத்தேன். அது சரியான கணக்குத்தான். வழியில் குழாய் பதிக்க ரோட்டைப் பாதி வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு நாற்பதுக்கு சதாசிவன் கூப்பிட்டான்.

"அண்ணே, முள்ளு செவப்புக்கு ஏறிட்டு. இஞ்ச ரோட்டில குழி வெட்டிப் போட்டிருக்கினும், வண்டி அனங்கல்ல. இவளுக்கு மூச்சு முட்டுது. ஆஃப் செய்யணுமா, போவலாமா, சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். என்ஜினை நிறுத்து, பானெட்டைத் திற, ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற சாக்கெட்டைப் பிடுங்கு, உள்ளே கறுப்பாக ஒரு துண்டு இருக்கும், அதை எடுத்து எறிந்துவிட்டு மாட்டி, ஸ்டார்ட் செய். ஒரு நிமிஷ வேலை. குழந்தைகூடச் செய்யும். ஆனால் அதை எடுத்ததும் அவன் கேட்பான், இது என்ன, யார் வைத்தது என்று. எழுபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு என்னிடம் கதை இல்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தான், அவள் மூச்சு எனக்குக் கேட்டது. அவளும் கேட்பாள் என்பதுதான் என் நாக்கைப் பிடித்தது.

"அது முள்ளுக்க சேட்டையாக்கும் மக்கா" என்றேன். "நீ வண்டிய விடு."

எட்டு நிமிஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். குரலில் உயிர் வந்திருந்தது.

"நீங்க சொன்னது செரியாக்கும் அண்ணே. முள்ளு தானே எறங்கிட்டு. இப்போ சீயில கெடக்கு. குழியும் தாண்டியாச்சு, வாறேன், வச்சிடுதேன்."

இதை உங்களுக்கு விளக்க வேண்டும் சார். அந்த சென்சார் வெள்ளத்தில் முங்கி இருந்தால்தான் முள் உண்மை சொல்லும். கொதித்து வெள்ளம் எல்லாம் ஆவியாகப் போய்விட்டால் தொடுவதற்கு ஒன்றும் இல்லாமல் முள் இறங்கிவிடும். வண்டி குளிர்ந்துவிட்டது போலத் தோன்றும். என்ஜின் அப்போது வெறும் அடுப்பு. நாற்பத்தொரு வருஷத்தில் இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு ஆறுதலாக இருந்தது அவன் குரல். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

பிறகு நான் கூப்பிட்டேன். ஆறு தடவை. எடுக்கவில்லை. ஒரு குடம் வெள்ளத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் வெந்துகொண்டிருக்கும் வண்டிக்கு. முழங்கால் மடங்காத காலோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பைக்காரன் நிறுத்தி, "எந்தா அப்பூப்பா, குழாயில வெள்ளம் இல்லியா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுப் போனான். என்னை அறிந்தவனாக இருக்க வேண்டும்.

டவுனுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது என்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஆட்டோ கிடைக்க இருபது நிமிஷம் ஆனதாம். ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் ஆட்டோ திரும்பும்போது சதாசிவன் அவள் கையைப் பிடித்திருந்தான். அன்று சாயங்காலம் அவன் என்னிடம் சொன்னது இது ஒன்றுதான்: "கைக்குள்ள மோட்டார் நின்னுட்டு அண்ணே. எனக்க விரலுக்குக் கீழேயாக்கும் நின்னது."

வண்டியைக் கட்டி இழுத்து என் ஷெட்டுக்கே கொண்டுவந்தார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள். ஃபிலிமை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபிறகு நான் சதாசிவனிடம் சொன்னேன். மறைக்கவில்லை. எக்ஸ்ரே, ஃபிலிம், முள், போனில் சொன்னது, சொல்லாதது, எல்லாம் வரிசையாக. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எப்போதும் போல முகத்தைச் சுருக்காமல் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது. முடித்ததும் அவன் உதடு கோணிற்று. சிரித்தான். பிறகு சிரிப்பு அழுகையாகப் போயிற்று.

"சொந்த நெஞ்செ நறுக்கி வச்சியளாக்கும்" என்றான். "அவ இருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா அண்ணே. எனக்குச் சமாதானம் வரட்டும்னு இப்பிடி ஒரு கத சொல்லுதிய. எனக்கு அறியாதா?"

என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையை எடுத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. அதன்பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

என்ஜின் வேலைக்குப் பாறசாலையிலிருந்து சோமனை வரவழைத்தேன். என் பழைய கூட்டாளி, என்ஜின் பிரிப்பதில் கெட்டிக்காரன். இரண்டு மாதம் ஆயிற்று. சதாசிவன் தினமும் வந்து அந்தக் கட்டிலில் உட்காருவான். ஏதாவது சொல்லுங்க அண்ணே என்பான். சொல்வேன். கூட்டான் எங்கே வைத்தீர்கள் என்று அவனுக்குக் கேட்கத் தெரியாது; இருந்தாலும் கேட்கிறானே. நாளைக்குச் சனிக்கிழமை, காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டயத்தில் மகள் ரேஷ்மி வீட்டுக்குப் போகிறான். இனி அங்கேதானாம். வீட்டுச் சாவியையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டான்.

ஆதாரம் இல்லாமல் கேஸ் எடுக்க முடியாது என்று சொன்னீர்கள். நியாயம். அதனால் ஃபிலிம் துண்டை இன்று மத்தியானம் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். எக்ஸ்ரேயை இதோடு பின் செய்திருக்கிறேன். கீழ் மூலையில் குறைகிற இடத்தில் அதைப் பொருத்திப் பார்க்கலாம். நீங்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக மட்டும்தான் வைத்தேன். வேறு காரணம் இல்லை. அவன் எட்டு மணிக்குப் புறப்படுவான். அதற்குமுன் வந்து பாருங்கள்.

வர முடியாவிட்டாலும் பயமில்லை. காலை நேரம், காற்றுப் போதும். எப்படியும் பாலராமபுரத்து நெரிசலில் நிற்க வேண்டி வரும், அங்கே முள் ஏறும். அவன் எனக்குத்தான் போன் செய்வான். இந்தத் தடவை சொல்லிவிடுவேன்.